அத்தை, ஆசிரியர், வில்லன்

மாதம் இருபது பக்கம் சொச்சம் என்ற அளவில் ஆண்டுக்கணக்காக ஓடும் சூப்பர்ஹீரோ காமிக்ஸில், வில்லனுக்குத் தரும் ஒவ்வொரு பக்கமும் நாயகனின் வீட்டாரிடமிருந்தும் நண்பர்களிடமிருந்தும் பிடுங்கியது என்றே பலரும் கணக்குப் போடுகிறார்கள். ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் 1962இல் உருவாக்கிய ஸ்பைடர்மேனின் தொடக்க இதழ்களை வரிசையாகப் படித்தால் இந்தக் கணக்கு இடறுகிறது. ஸ்பைடர்மேனாக உலவும் பீட்டர் பார்க்கரின் பிழைப்பே, தான் மோதும் வில்லன்களைப் படமெடுத்து 'டெய்லி பியூகிள்' நாளேட்டுக்கு விற்பதுதான். இரண்டாம் இதழில் வல்ச்சரின் படங்களை விற்ற காசில் மே அத்தையின் வீட்டுக்கு ஓராண்டு வாடகை கட்டப்படுகிறது. வல்ச்சருக்குப் பீட்டர் என்றொருவன் இருப்பதே தெரியாது. ஆனாலும் அவனோடு போட்ட சண்டை அந்த வீட்டுச் செலவுக்குள் வந்துவிடுகிறது. அந்தப் படங்களை வாங்கும் ஆசிரியர் ஜே. ஜோனா ஜேம்சனோ, அவற்றை வைத்தே ஸ்பைடர்மேனைச் சமூக விரோதி என்று அச்சடிக்கிறார். 1965இல் வந்த 20ஆம் இதழில் ஒருபடி மேலே போய், பணம் கொடுத்து ஸ்கார்ப்பியன் என்ற வில்லனையே உருவாக்கவைக்கிறார். இவரைத் துணைப்பாத்திரக் கணக்கில் எழுதுவதா, வில்லன் கணக்கில் எழுதுவதா?

என் வாதம் இதுதான்: ஒரு வில்லனின் கனம் அவன் சக்தியில் இல்லை, அவனால் யாருடைய அன்றாடம் குலைகிறது என்பதில் இருக்கிறது. 31 முதல் 33 வரையிலான இதழ்களே இதற்குச் சரியான சான்று. பீட்டர் முன்பு கொடுத்த ரத்தம் அத்தையின் உடலில் கதிரியக்கமாக மாறியிருக்கிறது. அவரைக் காப்பாற்றக்கூடிய மருந்தை டாக்டர் ஆக்டோபஸின் ஆட்கள் தூக்கிப் போகிறார்கள். பீட்டர் முதுகை அழுத்தும் இயந்திரத்தைப் பக்கம் பக்கமாக நெம்பித் தூக்கும் காட்சி பெயர்பெற்றது. அங்கே ஆக்டோபஸ் இல்லவே இல்லை. அத்தையும் மருத்துவமனைப் படுக்கையில்தான். இருவரும் இல்லாத அந்தப் பக்கங்களில்தான் இருவருமே முழுப் பாரத்தோடு இருக்கிறார்கள்.

எல்லா வில்லனையும் நாயகனின் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினால் நகரமே ஒரு தெருவாகச் சுருங்கிவிடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 39ஆம் இதழில், கிரீன் காப்ளின் என்ற வில்லன் பீட்டரின் நண்பன் ஹாரியின் தந்தை நார்மன் ஆஸ்பார்ன்தான் என்று தெரிந்தபோது அதிர்ந்தவர்கள், பத்தாவது முறை அப்படியொரு தற்செயல் நடந்தால் சிரிப்பார்கள். வல்ச்சரை வேலை வழியாகவும் ஆஸ்பார்னை உறவு வழியாகவும் கொண்டுவந்த அளவறிவு அதனால்தான் முக்கியம். இன்னொரு மறுப்பு பேட்மேனின் எதிரி ஜோக்கர். வீடில்லை, உறுதியான முன்கதை இல்லை, 1940இலிருந்து செழிக்கிறான். ஆனால் அவனை இன்றைய ஜோக்கராக்கிய இரண்டு கதைகளும் 1988இல் வந்தவை: ஒன்றில் பேட்மேனின் கூட்டாளி பார்பரா கார்டனின் முதுகெலும்பு சிதைகிறது, மற்றதில் அவனுடைய துணைவன் ராபினாக இருந்த ஜேசன் டாட் சாகிறான். ராபின் சாகலாமா என்று வாசகர்களிடம் தொலைபேசி வாக்கெடுப்பு நடத்தினார்கள். 5343க்கு 5271 என்ற கணக்கில் அவன் செத்தான். ஜோக்கரின் உயிரைப் பற்றி யாரும் வாக்குக் கேட்கவில்லை.

அங்கேதான் இந்த முறையின் உண்மையான ஆபத்து. வில்லனுக்குக் கனம் சேர்க்கத் துணைப்பாத்திரத்தைச் செலவழிப்பது சுலபம், திரும்பச் சேர்ப்பதுதான் கடினம். 1973இல் ஸ்பைடர்மேனின் 121ஆம் இதழில் க்வென் ஸ்டேசி இறந்தாள். அடுத்த இதழிலேயே நார்மனும் இறந்தான். நார்மனை 1996இல் உயிரோடு கூட்டி வந்துவிட்டார்கள். பீட்டர் காதலித்த க்வென் அப்படி வரவில்லை. இடையில் தந்தையின் முகமூடியை மாட்டிக்கொண்ட ஹாரியும் 1993இல் செத்துப்போனான். நட்பு வட்டத்தில் இருந்தவர்களையே எடுத்து வில்லனாக்கிக் கொன்றும் தீர்த்தால், அடுத்த வில்லன் யாரை மிரட்டுவான்? கொல்லாமலே கனம் கூட்டலாம் என்பதற்கு ஜேம்சன் இருக்கிறார். சிப் ஸ்டார்ஸ்கி எழுதி 2017இல் வந்த ஓர் இதழில், பீட்டரும் அவரும் ஒரு மேசையில் உட்கார்ந்து வாய்ச்சண்டை போடுகிறார்கள். முடிவில் பீட்டர் தன் ரகசியத்தை அவரிடம் சொல்லிவிடுகிறான். அந்தப் பேச்சுக்கு வேண்டிய பகை முழுவதும் 1963இலிருந்தே சேர்ந்துகொண்டிருந்தது.