நடைவண்டி: ஓட்டிப் பார்த்து ஒரு விமர்சனம்

மூன்று மரச் சக்கரம், ஒரு முக்கோணச் சட்டம், நின்றபடி பிடித்துக்கொள்ள ஒரு குறுக்குக் கட்டை. நடைவண்டியில் இருப்பது அவ்வளவுதான். எதையாவது பிடித்து எழுந்து நிற்கத் தொடங்கிய குழந்தைக்கு முதல் வண்டியாக இதைத்தான் வாங்கச் சொல்வேன். என் தங்கை மகள் ஓட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

வண்டி புறப்படும் நேரத்தைக் கவனிக்க வேண்டும். இரண்டு கையாலும் கட்டையைப் பற்றி எழுகிறாள். உடம்பு முன்னால் சாய்ந்ததும் வண்டி ஒரு சாண் நகர்ந்துவிடுகிறது. கால் பின்தங்க, உடம்பு வில்லாக வளைகிறது. சட்டென்று ஒரு காலை எடுத்து வைத்துச் சமாளிக்கிறாள்; வண்டி நிற்கிறது. எவ்வளவு தள்ளினால் எவ்வளவு போகும் என்பதைக் கையும் காலும் சேர்ந்து கண்டுபிடிக்கின்றன. முன்சக்கரம் திரும்பாது என்பதால் சுவரில் முட்டினால் அங்கேயே நின்றுவிடும். ஆரம்பத்தில் அழுதாள். பிறகு பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி, பக்கவாட்டில் இழுத்துத் திருப்பக் கற்றுக்கொண்டாள். யாரும் சொல்லித் தரவில்லை.

நடுவில் துணி இருக்கை வைத்து, சுற்றிலும் சக்கரம் பூட்டிய வாக்கரில் இந்தப் பாடம் கிடைக்காது. குழந்தை உட்கார்ந்தபடி விரல் நுனியால் உந்துகிறது. தன் எடையைத் தானே தாங்கிப் பழகுவதில்லை. ஆபத்தும் பெரிது. 1990 முதல் 2014 வரை அமெரிக்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளுக்கு வாக்கர் காயங்களோடு வந்த, 15 மாதம் நிறையாத குழந்தைகள் 2,30,000-க்கும் மேல் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. பெரும்பாலும் தலையிலும் கழுத்திலும் அடி. முக்கால்வாசிப் பேர் மாடிப்படியில் உருண்டவர்கள். கனடா 2004-லேயே வாக்கர் விற்பனையைத் தடை செய்துவிட்டது. நம் ஊரில் இன்னும் பிறந்தநாள் பரிசாகக் கொடுக்கிறோம் என்பது எனக்குக் கவலையாக இருக்கிறது.

நடைவண்டிக்கும் ஒரு குறை உண்டு. சிமென்ட் தரையில் நிதானமாகப் போகிற வண்டி, வழவழப்பான டைல்ஸில் குழந்தையை விட்டுவிட்டு ஓடிவிடுகிறது. பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சக்கரங்களில் மாட்டியதும் வேகம் அடங்கியது. மாடிப்படி உள்ள வீட்டில் படிக்கு அடைப்பு போட்டாக வேண்டும். இந்த வண்டிக்கும் பிரேக் இல்லை.

எதை வாங்குவது? குறுக்குக் கட்டை குழந்தையின் நெஞ்சுக்குச் சற்றுக் கீழே வரட்டும். கட்டை முழுக்க உள்ளங்கையால் தடவுங்கள். சிலாம்பு இருந்தால் கைக்குத் தெரியும். ஆணி முனை எங்கும் நீட்டக் கூடாது. பல் முளைக்கிற பருவம் என்பதால் கட்டையைக் கட்டாயம் கடிப்பார்கள். ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பார்த்து, சாயம் ஒட்டினால் வாங்காதீர்கள். நான் முதலில் பார்த்த ஒரு வண்டி பளபளவென்று இருந்தது, துடைத்ததும் துணி மஞ்சளாகிவிட்டது.

அரக்குப் பூச்சு உள்ளது கிடைத்தால் நல்லது. கர்நாடகத்தின் சென்னபட்டணத்தில் கடைசல் இயந்திரத்தில் சுழலும் மரத்தின் மேல் வண்ண அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உரசும் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படியும்; பிறகு தாழை ஓலையால் மெருகேற்றுவார்கள். பொம்மைகளுக்கு 2021 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் என்றாலும், பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் விலக்கு இருக்கிறது. முத்திரை இல்லாத கைவினை வண்டியை வாங்கும்போது மேலே சொன்ன சோதனைகளை விட்டுவிடாதீர்கள்.

துணையில்லாமல் நடப்பது சில குழந்தைகளுக்கு எட்டு மாதம் தாண்டியதுமே வரும். சிலருக்குப் பதினேழு மாதம்கூட ஆகும். இரண்டும் இயல்புதான். அதனால் வண்டியைக் கொடுத்துவிட்டு நாளை எண்ண வேண்டாம். கடையாணி தேய்ந்து சக்கரம் ஆடுகிறதா என்று மட்டும் அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள். அச்சு கிறீச்சிட்டால் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் போதும்.