பென்னிகுக் சோதனைகள்: வரிகள் யாருடையவை?

குதிரை வளர்ப்போரிடையே நெடுங்காலம் ஒரு நம்பிக்கை நிலவியது. பெட்டைக் குதிரை முதலில் சேர்ந்த பொலிகுதிரையின் சாயல், பின்னர் வேறு பொலிகுதிரைக்கு அது ஈனும் குட்டிகளிலும் தோன்றும் என்பார்கள். தரங்குறைந்த ஆணோடு ஒருமுறை சேர்ந்தாலே போதும், பெட்டை 'கெட்டுவிட்டது'. உயர்சாதிக் குட்டிகளுக்கு உதவாது! இந்தப் பழியை விசாரித்த நூல், எடின்பரோப் பேராசிரியர் ஜேம்ஸ் கோசர் யூவர்ட் 1899-இல் வெளியிட்ட 'பென்னிகுக் சோதனைகள்'.

பழிக்கு விஞ்ஞான மதிப்பைத் தந்தவர் மார்ட்டன் பிரபு. உடலின் முன்பாதியில் மட்டும் வரியுள்ள குவாகா என்னும் விலங்கின் ஆணோடு, செம்பழுப்பு நிற அராபியக் கலப்புப் பெட்டையை அவர் சேர்த்தார். அதே பெட்டை பின்னர் கறுப்பு அராபியப் பொலிகுதிரைக்கு ஈன்ற குட்டிகளிலும் வரிகள் தெரிந்தன. 1821-இல் ராயல் சொசைட்டி இதழில் இது வெளியாயிற்று. டார்வினே நம்பினார்.

யூவர்ட் காலத்தில் குவாகா அற்றுப்போயிருந்தது. ஆகவே மட்டோப்போ என்ற வரிக்குதிரை ஆணை முலாட்டோ என்ற பெட்டையோடு சேர்த்தார். 1896-இல் ரோமுலஸ் என்னும் கலப்புக் குட்டி பிறந்தது. அடுத்து அதே பெட்டைக்கு அராபியப் பொலிகுதிரை. இதுவரை மார்ட்டன் செய்ததுதான். நூலின் உயிர்நிலை இதற்கு அடுத்த படியில் இருக்கிறது: வரிக்குதிரையோடு என்றுமே சேராத பெட்டைகளின் குட்டிகளையும் யூவர்ட் பார்த்தார். அவற்றிலும் மங்கலான வரிகள்! அப்படியானால் வரிகளைக் கொண்டு முதல் ஆணைக் குற்றம் சாட்ட இயலாது. கால்வனோமீட்டர் முள் விலகியதும் அளவைக் குறித்துக்கொள்ளும் என் மாணவர்களிடம், மின்கலத்தைக் கழற்றிவிட்டும் முள்ளைப் பாருங்கள் என்பேன். மார்ட்டன் கழற்றிப் பார்க்கவில்லை.

நூலில் குறைகளும் உண்டு. சோதித்த விலங்குகள் சிலவே. வரிகளுக்கு விளக்கம் கேட்டால் 'முன்னோர் சாயல் திரும்பியது' என்ற ஒரே சாவியால் எல்லாப் பூட்டையும் திறக்கப் பார்க்கிறார். மெண்டலின் விதிகள் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது 1900-இல்தான். எனவே இதைப் பெரிதுபடுத்த எனக்கு மனமில்லை. முதல் ஆணின் சாயல் தொடர்வது நடக்கவே முடியாதது என்று அவர் அறுதியிடாததைச் சிலர் தயக்கம் எனலாம். நான் நேர்மை என்பேன். 2014-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஒருவகை ஈயில், இரண்டாம் ஆணுக்குப் பிறந்த சந்ததியின் உடலளவை முதல் ஆணின் வளர்ச்சிநிலை பாதிப்பதைக் கண்டார்கள். மரபணு வழியாக அன்று. விந்துத் திரவம் முதிராத முட்டைகளைப் பாதித்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. குதிரையில் அப்படி எதுவும் நிறுவப்படவில்லை.