கதவை எண்ணும் மணி

கார் விளம்பரங்களில் புதிதாக ஒரு பெருமை சேர்ந்திருக்கிறது. வண்டியை நிறுத்தியதும் 'பின் இருக்கையைப் பாருங்கள்' என்று மணியடிக்குமாம். பிள்ளையைக் காரிலேயே மறந்துவிட்டுப் போகும் கொடுமை இனி இல்லை என்று சித்ரா பௌர்ணமியன்று நண்பர் ஒருவர் என்னிடம் அடித்துச் சொன்னார். நாங்கள் நின்றிருந்தது திருவண்ணாமலை செங்கம் சாலையில், கிரிவலக் கூட்டத்துக்கென ஒதுக்கிய பொட்டலில். அவர் காரும் அப்போதுதான் மணியடித்து ஓய்ந்திருந்தது. திரையில் வந்ததை அவர் படிக்கவில்லை. கட்டைவிரலால் 'ஓகே'யைத் தட்டிவிட்டு இறங்கினார். பின் இருக்கையில் இருந்தவை ஒரு தேங்காய்ப் பை, ஒரு தண்ணீர் கேன்.

மறதியைப் பழிக்க நான் வரவில்லை. தினமும் போகும் வழியில் பழக்கமே ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொள்ளும். அன்றைக்கு மட்டும் செய்ய வேண்டியிருந்த வேலை நழுவிவிடும் என்று தென் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர் டேவிட் டயமண்ட் பல காலமாகச் சொல்கிறார். பாசம் குறைவதால் வரும் மறதி அல்ல இது. அமெரிக்காவில் ஆண்டுக்குச் சராசரியாக 37 குழந்தைகள் சூடேறிய வண்டிக்குள் இறக்கிறார்கள். பாதிக்கு மேல் மறந்து விடப்பட்டவர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் பத்தே நிமிடத்தில் சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். அங்கே அந்த மணி ஓர் உயிரைக் காத்தாலும் லாபம்தான்.

என் வழக்கு வேறு. அந்த மணி குழந்தையைப் பார்ப்பதில்லை, கதவைத்தான் பார்க்கிறது. 2016இல் ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்த அமைப்பு போட்ட கணக்கே இன்றும் பெரும்பாலான கார்களில் ஓடுகிறது: புறப்படும் நேரத்தில் பின்கதவு திறந்ததா? திறந்திருந்தால் நிறுத்தும்போது மணியடி. பை வைக்கத் திறந்தாலும் அடிக்கும். நடுவழியில் டீக்கடையில் இன்ஜினை அணைத்து, பின்கதவைத் தொடாமல் மறுபடி கிளம்பினால், சில கார்களில் அந்தக் கணக்கே அழிந்துபோகும். பிள்ளை பின்னால் தூங்கிக்கொண்டிருந்தாலும் அடுத்த நிறுத்தத்தில் மணி வாய் திறக்காது.

இதைவிடப் பெரிய ஓட்டை, ஓடாத கார். 2022 ஜூனில் திருநெல்வேலி மாவட்டம் பணகுடி அருகே மூன்று குழந்தைகள் இறந்தார்கள். 2025 மே மாதம் ஆந்திராவில் விஜயநகரம் அருகே துவாரபூடியில் நான்கு குழந்தைகள். யாரும் அவர்களை மறந்துவிட்டுப் போகவில்லை. விளையாடிக்கொண்டே, நின்ற காருக்குள் தாங்களாக ஏறினார்கள். கதவைத் திறந்து வெளியே வர முடியவில்லை. இப்படி ஏறும் பிள்ளைக்கு முன்னே இந்த மணி ஊமை. இன்ஜின் ஓடவில்லை, பயணம் இல்லை, ஓட்டுநரும் இல்லை; யாருக்காக அடிக்கும்? நம் ஊரில் தெருவே பிள்ளைகளின் விளையாட்டுத் திடல். அங்கே பூட்டாமல் நிற்கும் கார் ஒளிந்துபிடிக்க வாகான இடம். நம்மை வாட்டும் ஆபத்து இது. நமக்கு விற்கப்படுவதோ வேறோர் ஊரின் மருந்து.

சரி, அடிக்கிற மணியையாவது கேட்போமா? 2019 ஜூலை முதல் புதிய கார்களில் சீட் பெல்ட் எச்சரிக்கை கட்டாயம். நாம் என்ன செய்தோம்? பெல்ட் போடாமலே மணியை ஏமாற்ற ஒரு கொக்கியை வாங்கிச் செருகினோம். அதை விற்ற ஐந்து இணைய வணிகத் தளங்கள் மீது 2023இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட வேண்டியதாயிற்று. தங்கள் உயிருக்கு அடிக்கும் மணியையே காசு கொடுத்து வாயடைத்தவர்கள், தேங்காய்ப் பைக்கெல்லாம் அடிக்கும் மணியை எத்தனை நாள் மதிப்பார்கள்?

மூச்சசைவையே கண்டுபிடிக்கும் ரேடார் வந்துவிட்டதே என்பார்கள். வந்திருக்கிறது. கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பெண் தரும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப்கூட 2025 முதல் கதவை எண்ணும் முறைக்கு மதிப்பெண் தராமல், குழந்தையை நேரடியாக உணரும் முறைக்கே தருகிறது. அதுவே என் கட்சிக்குச் சாட்சி. ஆனால் அந்த ரேடார் விலை உயர்ந்த புதுக் காரில் இருக்கும். தெருவோரம் தூசி படிந்து நிற்கும் பத்து வருடப் பழைய காருக்கு எப்போது வந்து சேரும்?

நான் மதிக்கும் மணி ஒன்று உண்டு. 2018 ஜூலையில் குழந்தைகள் காப்பக வண்டியில் விடப்பட்ட ஒரு சிறுமி இறந்ததும், தென் கொரியா அடுத்த ஆண்டே அதைக் கட்டாயமாக்கியது. வண்டியின் கடைக்கோடியில் ஒரு பொத்தான். ஓட்டுநர் கடைசி இருக்கைவரை நடந்து போய் அதை அழுத்தினால்தான் மணி ஓயும். இருந்த இடத்திலிருந்து 'ஓகே' தட்ட வழியில்லை. நடக்கிற கால் பார்க்காமல் வராது. நம் பள்ளி வேன்களுக்கு அது வரட்டும்.

வீட்டுக் காருக்கு இதுகூட வேண்டாம். நிறுத்தினால் பூட்டுவது, சாவியைப் பிள்ளைக்கு எட்டாத ஆணியில் மாட்டுவது, உள்ளே சிக்கிக்கொண்டால் ஹாரனை விடாமல் அழுத்தச் சொல்லித்தருவது போதும். பெரும்பாலான கார்களில் சாவி இல்லாமலும் ஹாரன் ஒலிக்கும். அந்தச் சத்தம் உள்ளேயிருந்து தெருவுக்குப் போகிறது; விளம்பரத்து மணியோ இறங்கிப் போகிறவர் காதோடு நின்றுவிடுகிறது.

பொட்டலில் பூக்காரரின் பிள்ளைகள் இரண்டு பேர் கார்களுக்கிடையே ஒளிந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். "காரைப் பூட்டினீங்களா சார்?" என்றேன். நண்பர் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். சாவி வண்டியிலேயே இருந்தது.