நகர நூல்நிலையத்து அச்சுப்பட்டி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்து நாட்டு நகரப் பொது நூல்நிலையங்கள் தத்தம் நூல்களை நிரல்பட எழுதி அச்சிட்டு விற்ற பட்டிகள் இன்று பழம்பொருளாயின. அவற்றை வெறும் பெயர்க்கோவை என்று தள்ளுதல் தகாது. ஒரு நகரத்தார் அறிவுப்பொருள்களை எம்முறையில் வைத்து எண்ணினர் என்பதற்கு அவை சான்றாகலின், அவற்றின் குணமும் குற்றமும் ஆராயத்தக்கன.

அக்காலத்து நூல்நிலையங்கள் பலவற்றில் படிப்போர் நூலடுக்குகளின் அருகே செல்லுதல் கூடாது. பட்டியில் எண்ணைக் கண்டு, அந்நூல் உள்ளதோ வெளிச்சென்றதோ என்பதை நிறத்தாற் காட்டும் பலகையை நோக்கிப் பின்னரே ஊழியரைக் கேட்டல் வேண்டும். எனவே படிப்போனுக்குப் பட்டியே கண். அது காட்டாதது அவனுக்கு இல்பொருளேயாம். இத்துணைப் பொறுப்புடைய கருவி அச்சேறிய அன்றே பழைமையெய்தத் தொடங்கிற்று. மறுதிங்கள் வாங்கிய நூல் அதன்கட் புகாது. பின்னிணைப்புக்கள் பெருகவே, ஒரு நூலுக்குப் பல ஏடு புரட்டலாயிற்று. நூல்நிலைய வரி பவுனுக்கு ஒரு பென்னிக்கு மேற்படலாகாது என்னும் பொதுவரம்பு 1919 வரை நீங்காமையின், அச்சுக்கூலி நூல் வாங்கும் பொருளையே அரித்தது.

இதனினும் பெரிய குற்றம் அகராதிமுறையில் உளது. ஆசிரியர், நூல், பொருள் என்னும் மூவகைப் பெயரையும் ஒரே எழுத்துவரிசையிற் கோப்பது அம்முறை. கட்டர் என்னும் அமெரிக்க அறிஞர் 1876-இல் அதற்கு விதி வகுத்தார். பெயரறிந்து வருவோனுக்கு அதனினும் எளிது பிறிதில்லை. பொருளை நாடி வருவோனையோ அஃது அலைக்கின்றது. தேனீ ஓரெழுத்தில் நிற்கப் பூச்சியினம் பிறிதோரெழுத்தில் நிற்கும். சிவஞானசித்தியார் அளவையிற் பொருட்குப் பொதுவியல்பு, தன்னியல்பு என இரண்டு கூறப்படும். அகராதிப்பட்டி தன்னியல்பைப் பற்றிப் பொதுவியல்பை நழுவவிட்டது எனல் பொருந்தும்.

வகைமுறைப்பட்டி பொதுவியல்பைப் பேணிற்று. ஆயின் அவ்வகை எவர் வகுத்தது? டூயி என்பார் 1876-இல் வெளியிட்ட பதின்மப் பாகுபாட்டில் 200 சமயத்துக்குரியது. அதனுள் 220 முதல் 280 வரை ஏழு பிரிவும் கிறித்துவத்துக்கு; ஏனைச் சமயமெல்லாம் 290 என்னும் ஒன்றனுள் அடக்கம். கிறித்துவ நூல்களே மலிந்த நகரத்துக்கு அது குறையாகத் தோன்றாமை இயல்பே. எனினும், கைப்பட்ட நூற்றொகைக்கேற்ற இடப்பங்கீடு வேறு, பொருளியல்பை உணர்த்தும் பாகுபாடு வேறு. முன்னதைப் பின்னதாகக் கொண்டமையே பிழை. இதன் பயன் யாதெனின், சமயமும் தத்துவமும் ஒன்றாய சித்தாந்த சாத்திரத்தை இந்தியத் தத்துவமெனக் கொண்டு 181-இல் வைப்பதோ, இந்தியச் சமயமெனக் கொண்டு 294-இல் வைப்பதோ என்னும் இடர்ப்பாடாம். முப்பொருளுண்மை கூறும் ஒரு நூலை இங்ஙனம் இரண்டு அடுக்குக்கு இழுத்தல் கேலிக்கிடம்.

1894-இல் கிளார்க்கன்வெல் நூல்நிலையத்தில் அடுக்குகளைப் படிப்போர்க்குத் திறந்துவிட்ட பிரவுன் என்பார், 1906-இல் தாம் வகுத்த பாகுபாட்டில் தத்துவத்தையும் சமயத்தையும் ஒரே தொகுதியாக்கினார். இது பாராட்டத்தக்கது. அடுக்குகள் திறக்கப்பெற்று, சீட்டுப்பட்டியும் பரவவே, அச்சுப்பட்டியின் ஆட்சி தேய்ந்தது.

சீகாழியில் 1892-இல் தோன்றிய ரங்கநாதன், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூல்நிலையத் தலைவராகி இலண்டன் சென்று, கிராய்டன் நகர நூல்நிலையத் தலைவர் சேயர்சு என்பார்பாற் பாகுபாட்டியல் பயின்றனர். முன்னரே எண்ணிட்ட குழியில் நூலை இடாது, பொருளின் கூறுகளைத் தனித்தனி எடுத்து முக்காற்புள்ளியாற் புணர்ப்பது அவர் 1933-இல் வெளியிட்ட முறை. அதன் சமய வகுப்பில் முதலிடம் வைதிகத்துக்கு; கிறித்துவம் பின்னே நிற்கும். இதுவும் நாட்டுக்கேற்ற வைப்பன்றோ எனின், அன்றென்றல் அரிது. தத்துவமோ அதன்கண்ணும் வேறொரு வகுப்பாய்த் தனித்தே நின்றது.