இன்டர்ஃபேஸுக்கு முன்னால் ஒரு மிக்சர்

தொடக்கநிலை ஆடியோ இன்டர்ஃபேஸ்கள் பலவற்றில் மைக் செருக இரண்டு இடங்களே உண்டு. பாட்டு, வயலின், மிருதங்கம் என்று ஒரு சின்னக் கச்சேரியை வீட்டில் பதிவுசெய்ய நினைத்தாலே, மிருதங்கத்தின் வலந்தலைக்கும் தொப்பிக்கும் ஒவ்வொன்று சேர்த்து நான்கு மைக் ஆகிவிடும். பஜனைக்கு வாங்கிய சிறிய மிக்சர் ஒன்று கையில் இருந்தால், நான்கு மைக்கையும் அதில் செருகி, மெயின் அவுட்டை இன்டர்ஃபேஸுக்குக் கொடுத்துவிடுவார்கள். செலவு மிச்சம், மைக் எண்ணிக்கைச் சிக்கலும் தீர்ந்ததுபோல் தோன்றும்.

உண்மையில் தீர்வது பாதிதான். நான்கு மைக் உள்ளே போனாலும் மிக்சரிலிருந்து இடது, வலது என இரண்டே ஒலிகள் வெளிவருகின்றன. கணினியில் பதிவாவதும் அவ்விரண்டே. வயலின் ஓங்கி நிற்கிறது என்று மறுநாள் தெரிந்தால் அதை மட்டும் குறைக்க முடியாது. மிக்சரின் ஈக்யூவில் தொப்பியின் அடிநாதத்தை வெட்டியிருந்தால் போனது போனதுதான். ஆனால் எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து வாசிக்கும்போது பாடகரின் மைக்கில் மிருதங்கமும் விழும். தனித்தனி ட்ராக் எடுத்தாலும் முழுப் பிரிவு கிடைக்காது என்பதால், இந்த இழப்பைப் பெரிதுபடுத்தவும் வேண்டியதில்லை. பாட்டை இடக்கோடிக்கும் பக்கவாத்தியங்களை வலக்கோடிக்கும் பேன் திருப்பி, இரண்டு மோனோ ட்ராக்காக எடுத்தால் பாட்டின் அளவையாவது பிறகு மாற்றலாம். பதிவின்போது ஒரு காதில் பாட்டு, மறு காதில் வாத்தியம் என்று கேட்க விசித்திரமாகத்தான் இருக்கும்.

இணைப்பில் அதிகம் நடக்கும் தவறு, மிக்சரின் எக்ஸ்எல்ஆர் அவுட்டை இன்டர்ஃபேஸின் எக்ஸ்எல்ஆர் இன்புட்டில் செருகுவது. பெரும்பாலான இன்டர்ஃபேஸ்களில் அந்த வழி மைக் ப்ரீஆம்புக்குப் போகிறது. மைக் தருவது மில்லிவோல்ட் கணக்கு. மிக்சர் தரும் +4 dBu லைன் அளவோ ஏறக்குறைய 1.23 வோல்ட். ஏற்கனவே பெருக்கிய ஒலி மறுபடி பெருக்கப்பட்டு உடைந்து கேட்கும். 48 வோல்ட் ஃபேன்டம் பவர் தவறிப்போய் ஆனாகியிருந்தால் அது மிக்சரின் அவுட்புட்டுக்கே பாயும். கால் அங்குல டிஆர்எஸ் கேபிளை லைன் இன்புட்டில் செருகி, இன்டர்ஃபேஸின் கெயினை அடிமட்டத்தில் வைத்துத் தொடங்குவதே சரி. 24 பிட் பதிவில் உச்சம் -12 dBFS அளவில் நின்றாலே போதும். சிவப்பு விளக்கு வரை தள்ளத் தேவையில்லை.

மிக்சருக்கும் லேப்டாப்புக்கும் தனித்தனிப் பிளக் பாயிண்டில் மின்சாரம் எடுத்தால் 50, 100 ஹெர்ட்ஸில் ஹம் கேட்கலாம். இரண்டையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் செருகினால் பல வேளைகளில் அடங்கிவிடும்.

மிக்சரின் உண்மையான பலம் கேட்பதில் இருக்கிறது. கணினி வழியாகத் தன் குரலைக் கேட்கும் பாடகருக்கு, 44.1 கிலோஹெர்ட்ஸில் 256 சாம்பிள் பஃபர் என்றால் போக 5.8 மில்லிசெகண்ட், வர அதே அளவு என்று தாமதம் சேர்கிறது. மிக்சரின் ஹெட்போனில் அது இல்லை. இன்று பல இன்டர்ஃபேஸ்களிலும் நேரடி மானிட்டரிங் இருப்பதால் தனிப்பாடகருக்கு இது பெரிய ஆதாயமல்ல. ஆனால் மிருதங்கக்காரருக்கு வேறு கலவை, பாடகருக்கு வேறு கலவை என்று ஆக்ஸ் வழியே பிரித்துக் கொடுப்பதைச் சிறிய இன்டர்ஃபேஸ் செய்யாது. ஒரு எச்சரிக்கை: இன்டர்ஃபேஸின் அவுட்டை மிக்சரின் சாதாரண சானலில் கொடுத்தால் அது மெயினில் கலந்து திரும்பவும் இன்டர்ஃபேஸுக்கே போய், சுற்றிச் சுற்றி ஊளையிடும். ஹெட்போனுக்கு மட்டும் அனுப்பக்கூடிய 2-ட்ராக் இன்புட் பல மிக்சர்களில் அதற்கென்றே இருக்கிறது.

ஒருவரே ஒவ்வொரு பகுதியாகப் பாடி அடுக்குவதானால் வரிசையைத் திருப்பிவிடுவது மேல்: மைக்குகள் நேரே இன்டர்ஃபேஸுக்கு, அதன் அவுட் மிக்சருக்கு. மிக்சரில் எதைத் திருகினாலும் பதிவு மாறாது. யுஎஸ்பி உள்ள மிக்சர் வாங்கினால் இன்டர்ஃபேஸே வேண்டாம் என்ற நினைப்பும் பாதி உண்மைதான்; யமஹா எம்ஜி10எக்ஸ்யு பத்து சானல் மிக்சர் என்றாலும் கணினிக்கு அனுப்புவது இரண்டு மட்டுமே. ஜூம் லைவ்ட்ராக் எல்-8 போன்றவை சானல்களைத் தனித்தனியே அனுப்பும். நான்கு மைக் கச்சேரிக்குப் பொருந்துவது அவ்வகைதான்.