கைதட்ட மட்டும்தானா பிள்ளைகள்?

பள்ளி ஆண்டு விழா என்றால் நம் பக்கத்தில் ஒரு வரிசை உண்டு. வாசலில் வாழைமரம், மைக் டெஸ்டிங், தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, ஆண்டறிக்கை, பொன்னாடை, அப்புறம் இன்னும் சில பொன்னாடைகள். அழைப்பிதழில் மாலை 4 மணி என்று போட்டிருக்கும். சிறப்பு விருந்தினர் 6 மணிக்கு வருவார். மதியமே பவுடரும் உதட்டுச் சாயமும் பூசி வரிசையில் உட்கார வைக்கப்பட்ட மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள், தங்கள் பாட்டு வரும்போது பாதித் தூக்கத்தில் இருக்கும். ஆடி முடித்த கையோடு அம்மாக்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நன்றியுரை சொல்லும் ஆசிரியர் காலி நாற்காலிகளைப் பார்த்துத்தான் பேசுவார்.

இதைக் கிண்டலுக்காகச் சொல்லவில்லை. அத்திப்பட்டு மாதிரி ஒரு ஊருக்கு இந்த விழா மிகவும் தேவை என்று நினைக்கிறேன். அந்தத் தேவை வீணாகிறதே என்ற ஆதங்கம்தான்.

கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் எண்ணூர் தாண்டினால் அத்திப்பட்டு. சுற்றிலும் வடசென்னை அனல்மின் நிலையம், வல்லூர் அனல்மின் நிலையம், காமராஜர் துறைமுகம், சாலை முழுக்கக் கண்டெய்னர் லாரி. 'சிட்டிசன்' (2001) படத்தில் காணாமல் போகிற கற்பனை ஊரின் பெயர் அத்திப்பட்டி என்பதால், "மேப்பிலேயே இல்லாத ஊராச்சே" என்ற கேலி இந்த ஊர்க்காரர்களுக்குப் பழக்கம். இங்கே பல பிள்ளைகளுக்கு அப்பா வேலை காண்ட்ராக்டில், வீடு வாடகையில். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் போனால் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர் குடும்பங்கள். மீனவர் வீட்டுப் பிள்ளை, ஷிப்டு தொழிலாளி வீட்டுப் பிள்ளை, தமிழே இப்போதுதான் கற்கும் பிள்ளை எல்லாம் அருகருகே உட்காரும் இடம் பள்ளிக்கூடம் ஒன்றுதான். "இது எங்க ஸ்கூல்" என்று அந்தப் பிள்ளைகள் நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல ஒரு நாளாவது வேண்டாமா?

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் இதற்கென்றே ஒரு வாரம் ஒதுக்குகிறார்கள். தினம் ஒரு வேஷம், பள்ளியின் நிறத்தில் சட்டை, பாண்டு வாத்தியத்தோடு ஆரவாரக் கூட்டம், வாரக் கடைசியில் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம். பழைய மாணவர்களும் அதற்கு ஊர் திரும்புவார்கள். 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பல்கலைக்கழகங்களில் வேரூன்றிய வழக்கம் இது. நாங்கள்தான் முதலில் தொடங்கினோம் என்று பேலர், இல்லினாய், மிசூரி மூன்றுமே உரிமை கொண்டாடுகின்றன. குறையும் இல்லாமலில்லை. பந்து ஆடுகிறவனே ராஜா, அழகாக இருக்கிறவளே ராணி, மற்றவர்கள் கத்துவதற்கு. இது நமக்கு ஒத்துவராது என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் தமிழ்ப் பிள்ளைகளே நூறு ஆண்டுக்கு மேலாக இதைப் போன்ற ஒன்றை நடத்திவருகிறார்கள். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் 1904 முதல் மோதும் கிரிக்கெட் ஆட்டத்துக்கு 'வடக்கின் பெரும் போர்' என்று பெயர். கொடி, வாத்தியம், கூத்து எல்லாம் உண்டு. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பழைய மாணவர்கள் வந்து இறங்குவார்கள். அறுபது வயதுக்காரரும் ஆறாம் வகுப்புப் பையனும் ஒரே மைதானத்தில் ஒரே பந்தைப் பார்த்துக் கத்துகிறார்கள். இந்த விழாக்களில் நான் பெரிதாக மதிப்பது இதைத்தான்.

நம்மிடம் பழைய மாணவர்களும் இன்றைய பிள்ளைகளும் சந்திப்பதே இல்லை. '96' படம் வந்த 2018-க்குப் பிறகு முன்னாள் மாணவர் சந்திப்பு ஊருக்கு ஊர் பெருகிவிட்டது. வாட்ஸ்அப் குழு, ஒரே நிறத்தில் டி-ஷர்ட், ஆசிரியர்களுக்குச் சால்வை, பிரியாணி, பழைய பெஞ்சில் உட்கார்ந்து ஒரு போட்டோ. நல்ல விஷயம்தான். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் ஐம்பது வயது ஆள் கைகட்டி நிற்பதைப் பார்க்கக் கண் கலங்கும். ஆனால் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைதான் சந்திப்பு. பள்ளியில் ஒரு பிள்ளை இருக்காது. பீரோவும் மின்விசிறியும் வாங்கிக் கொடுத்தவர் யார் என்று அதற்கடியில் உட்காருகிற பையனுக்குத் தெரியாது. குழுவில் சேர்கிறவர்களும் பெரும்பாலும் சொல்லிக்கொள்ள ஏதாவது உள்ளவர்கள். பத்தாவதில் தவறி லாரி கிளீனராகப் போனவர் அதே ஊரில்தான் இருப்பார், ஆனால் வரமாட்டார். கல்யாணமாகி வேறு ஊர் போன பெண்களின் நம்பர் யாரிடமும் இருக்காது. அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் முன்னாள் மாணவர்களையும் நிறுவனங்களையும் பள்ளியோடு இணைக்கிறது. பாராட்ட வேண்டிய முயற்சி. என்றாலும் பணமும் பொருளும் வருகிற வேகத்தில் மனிதர்கள் வருவதில்லை. அனல்மின் நிலையத்தில் ஷிப்டு பார்க்கிற முன்னாள் மாணவர் ஒருவர் ஒரு பிற்பகல் வந்து, ஐ.டி.ஐ. முடித்து எப்படி உள்ளே நுழைந்தேன் என்று சொன்னால் ஸ்மார்ட் போர்டைவிட அது பெரிது.

சேர்ந்து கத்தவும், ஒரு கூட்டத்தின் ஆளாக இருக்கவும் பதினாறு வயதுக்கு ஒரு பசி உண்டு. பள்ளி அதற்குத் தீனி போடாவிட்டால் அது வேறு இடம் தேடும். இந்தப் பக்கத்துப் பையன்களுக்கு அந்த இடம் ரயில். கல்லூரிக்குப் போகும் அண்ணன்கள் பெட்டியின் தகரத்தில் தாளம் தட்டி கானா பாடுவார்கள், தங்கள் கல்லூரிக்கு ஜே போடுவார்கள். பார்க்க உற்சாகமாகத்தான் இருக்கும். ஒரே வழித்தடத்தில் வரும் அந்தக் கூட்டத்துக்கு 'ரூட்டு' என்று பெயர், 'ரூட்டு தல' என்று தலைவன், பஸ் டே என்று திருவிழா. எதிர் ரூட்டு என்று ஒன்றும் உண்டு என்பதுதான் சிக்கல். பஸ் டேவுக்கு நீதிமன்றம் விதித்த தடைக்குப் பிறகும் 2019 ஜூனில் சென்னையில் பேருந்துக் கூரையிலிருந்து மாணவர்கள் கொத்தாகச் சரிந்து விழுந்ததை நாடே பார்த்தது. பட்டாக்கத்தியை பிளாட்பாரத்தில் தேய்த்துக்கொண்டே போகும் காணொளிகளும் வந்தன. 2024 அக்டோபரில் மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் வேறொரு கல்லூரி மாணவர்களால் சென்ட்ரல் அருகே தாக்கப்பட்டு உயிரிழந்தார். சென்னைக்குள் படிக்க வந்த வெளியூர்ப் பிள்ளை. கல்லூரிப் பெருமை என்ற பெயரில்தான் அந்த அடி விழுந்தது. போலீஸ் வழக்குப் போடுகிறது, பெற்றோரைக் கூப்பிட்டு எழுதி வாங்குகிறது. பசி அப்படியே இருக்கிறது.

தெற்கே போனால் இதே பசி கையில் கட்டும் கயிற்றின் நிறத்தில் தெரிகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சமூக மாணவன் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் சாதி காட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளியில் தடை செய்யச் சொன்னது. சரியான பரிந்துரை. ஆனால் ஒரு நிறத்தைக் கழற்றினால் போதாது, கட்டிக்கொள்ள வேறொரு நிறம் தர வேண்டும்.

அந்த வேறு நிறத்தைத் தருவதற்கான வாய்ப்பு அதே 2024-இல் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய 'மகிழ் முற்றம்' திட்டத்தில் இருக்கிறது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று மாணவர்களை ஐந்து அணியாகப் பிரிப்பது. தனியார் கான்வென்ட்டுகளில் ரெட் ஹவுஸ், புளூ ஹவுஸ் என்று நெடுங்காலமாக இருப்பதுதான். அரசுப் பள்ளிக்கு வர இத்தனை காலமாயிற்று. இதில் உள்ள வலு, வகுப்பையும் தெருவையும் சாதியையும் குறுக்கே வெட்டும் ஒரு கூட்டத்தில் பிள்ளையைப் போடுவது. கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில் இறால் பிடிக்கிறவர் மகனும் ஒடிசாக்காரர் மகளும் ஒரே நெய்தல் அணியில் கயிறு இழுத்தால், அடுத்த நாள் பேசிக்கொள்ள அவர்களுக்கு ஒரு விஷயம் இருக்கும். அத்திப்பட்டுப் பக்கம் நெய்தல் என்பது வெறும் பாடப்புத்தகத் திணை அல்ல. சாம்பல் படிந்தாலும் வாசலுக்கு எதிரே கிடக்கிற நிலம்.

நான் அஞ்சுவது ஒன்றுதான். இந்த அணிகள் ஒழுங்கு மதிப்பெண் பலகையாக முடிந்துவிடக் கூடாது. தாமதமாக வந்தால் குறிஞ்சிக்கு இரண்டு மைனஸ், நகம் வெட்டினால் முல்லைக்கு ஐந்து பிளஸ் என்று போனால், பிள்ளைகள் அதையும் இன்னொரு வருகைப்பதிவாகத்தான் பார்ப்பார்கள். மோத ஒரு ஆட்டமும் தயாராக ஒரு வாரமும் இல்லாமல் அணிக்கு உயிர் வராது. பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கும் பள்ளியில் எந்த அணியும் அணியாகாது. அரசுப் பள்ளிகளுக்கான கலைத் திருவிழாவில் கலையரசன், கலையரசி பட்டம் வாங்குகிறவர்களைப் பார்த்து எனக்கும் பெருமைதான். ஆனால் பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று சலித்துக்கொண்டே போகிற போட்டி அது. சல்லடையில் தங்காத பெருங்கூட்டத்துக்குத்தான் விழா தேவை. பத்தாவதும் பன்னிரண்டாவதும் படிக்கிறவர்களைத் தேர்வைக் காட்டி ஒதுக்குவதையும் சேர்த்தே சொல்கிறேன். பள்ளியின் கடைசி ஆண்டில் அவர்களுக்கு மிஞ்சும் நினைவு ஸ்பெஷல் கிளாஸ் மட்டும்.

தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு விழாவுக்கு அழைப்பிதழ் அச்சடிக்கும் முன் பேச்சாளர் பட்டியலில் பாதியை அடித்துவிடுங்கள். காலையில் ஐந்து அணிகளுக்கும் கபடியும் கயிறு இழுப்பும் வையுங்கள், பன்னிரண்டாம் வகுப்பையும் இறக்குங்கள். மைக்கைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். முன்னாள் மாணவர் வாட்ஸ்அப் குழுவுக்கு அந்தத் தேதியையே அனுப்புங்கள். படிப்பை விட்டவர்களின் வீட்டுக்கு நேரில் ஆள் அனுப்பிக் கூப்பிடுங்கள். சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்தால், அவருக்காக நிறுத்தாதீர்கள்.