சிறுதொழில் கணினிக்குக் காவல்: வன்பொருள் கண்காணிப்பு மென்பொருளைத் தேர்ந்தெடுத்தல்

வன்பொருள் கண்காணிப்பு மென்பொருள், கணினிக்குள் இருக்கும் உணரிகளின் அளவுகளைப் படித்துக் காட்டும் நிரலாகும். செயலியின் வெப்பம், மின்விசிறியின் வேகம், மின்னழுத்தம், வட்டின் நிலை ஆகியவை அதில் தெரியும். பெரிய நிறுவனங்களில் இவற்றைப் பார்ப்பதற்கென்றே ஆள் இருப்பார். மலேசியாவின் பாகான் நக்கோடா ஓமார், சுங்கை பெசார், சபாக் வட்டாரத்துச் சிறுதொழில்களுக்கு அந்த வசதி அரிது. மளிகைக் கடையின் கல்லாக் கணினியோ, செம்பனைக் குலை வாங்கும் நிலையத்தின் எடைமேடைக் கணினியோ, அதை வைத்திருப்பவரே கணக்கும் பார்க்கிறார், சரக்கும் இறக்குகிறார். யாரும் திரையைப் பார்க்காத வேளையிலும் தானாகக் குரல் கொடுக்கும் மென்பொருளே இவர்களுக்கு உதவும். தேர்வின் முதல் அளவுகோல் அதுதான்.

இடத்தின் தன்மையும் கணக்கில் வர வேண்டும். கடலோரத்து உப்புக் காற்றும் ஈரப்பதமும் உலோக இணைப்புகளை அரிக்கின்றன. செகிஞ்சான் தொடங்கி வடக்கே பரந்திருக்கும் நெல்வயல்களில் அறுவடை நடக்கும்போது தூசி மின்விசிறிகளில் படிகிறது. தீபகற்ப மலேசியா உலகில் மிக அதிகமாக இடி மின்னல் நிகழும் பகுதிகளுள் ஒன்று. வட்டு பழுதாகி, தரவை மீட்க வல்லுநரைத் தேடிக் கோலாலம்பூருக்குப் போக வேண்டுமானால் 100 கிலோமீட்டருக்கு மேல் பயணம்.

முதலில் காக்க வேண்டியது வட்டை. செயலியும் மின்வழங்கியும் போனால் காசு கொடுத்து வேறு வாங்கிக்கொள்ளலாம்; கணக்கு போனால் வாங்க இடமில்லை. மலேசிய வருமானவரிச் சட்டப்படி வணிகப் பதிவுகளை 7 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். 2024 ஆகஸ்டு 1 முதல் கட்டங்கட்டமாக நடப்புக்கு வந்த மின்-விலைப்பட்டியல் முறையால், கணினியையே நம்பும் தொழில்கள் இன்னும் பெருகுகின்றன.

ஸ்மார்ட் எனப்படும் தன்னாய்வு வசதி இன்றைய வட்டுகளில் ஏறத்தாழ எல்லாவற்றிலும் உண்டு. வன்வட்டு தன் குறைகளைத் தானே எண்ணி, எண்ணிட்ட வரிசைகளில் பதிந்து வைக்கும். அவற்றுள் நான்கை அறிந்திருந்தால் போதும். 05 என்பது, கெட்டுப்போய் மாற்றிடம் ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் பகுதிகளை சி5 எண்ணுகிறது. திருத்தவே முடியாதவை சி6-இல் சேரும். இந்த மூன்றும் சுழியமாக இருப்பதே நலம். ஏறத் தொடங்கினால் அன்றே தரவை நகலெடுத்து வட்டை மாற்றிவிட வேண்டும். சி7 மட்டும் ஏறினால் பெரும்பாலும் குற்றவாளி வட்டு அன்று, இணைப்புக் கம்பிதான். உப்புக் காற்று வீசும் ஊரில் இந்த வேறுபாடு ஒரு வட்டின் விலையை மிச்சப்படுத்தும்.

இந்த எண்களைப் படிக்க கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மிக நல்ல தேர்வு. ஜப்பானிய நிரலாளர் ஒருவர் உருவாக்கிய இந்தத் திறந்த மூல மென்பொருள் எம்ஐடி உரிமத்தில் வருவதால், கடையில் பயன்படுத்தவும் கட்டணம் இல்லை. வட்டு நலமாக இருந்தால் நீலம், எச்சரிக்கைக்கு மஞ்சள், ஆபத்துக்குச் சிவப்பு என்று நிறத்தாலேயே சொல்லிவிடுகிறது. இரண்டு அமைப்புகளை மாற்றாவிட்டால் அதன் பயன் பாதியாகக் குறையும். மூல எண்களை அது பதினாறடிமான முறையில் காட்டுவதால், அதைப் பதின்மமாக மாற்றிக்கொள்ள வேண்டும். பிறகு, கணினியோடு தானாகத் தொடங்கி நிலையாக இயங்கும்படி வைத்து, எச்சரிக்கை மின்னஞ்சலை இயக்க வேண்டும். ஜிமெயில் வழியே அனுப்புவதானால் வழக்கமான கடவுச்சொல்லை கூகுள் ஏற்காது. இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி, அந்த மென்பொருளுக்கெனத் தனிக் கடவுச்சொல் பெற வேண்டும். சோதனை மடல் ஒன்று கைப்பேசிக்கு வந்து சேர்ந்த பிறகே வேலை முடிந்ததாகக் கொள்ளலாம். லினக்ஸ் கணினியில் இதே பணியை ஸ்மார்ட்மான்டூல்ஸ் செய்கிறது.

வெப்பத்துக்கு எச்டபிள்யூஇன்ஃபோ மிக விரிவானது. ஆனால் அதன் இலவசப் பதிப்பு வணிகம் சாராத பயன்பாட்டுக்கு மட்டுமே. கடைக்குக் கட்டணப் பதிப்பு வாங்க வேண்டும். ஐடா64-இலும் வீட்டுக்கு ஒரு பதிப்பு, வணிகத்துக்கு வேறொன்று. உரிமத்தைப் படிக்காமல் நிறுவுவது இங்கே பரவலாக நடக்கும் தவறு. கட்டணமில்லாமல் வேண்டுவோருக்குத் திறந்த மூலமான லிப்ரே ஹார்டுவேர் மானிட்டர் உண்டு. அதில் ஓர் எச்சரிக்கை: இவ்வகை மென்பொருள்கள் பல நம்பியிருந்த வின்ரிங்0 என்னும் இயக்கியில் பாதுகாப்புக் குறை இருப்பது 2020-இலேயே பதிவானது, 2025 மார்ச்சில் விண்டோஸ் டிஃபெண்டர் அதைத் தடுக்கத் தொடங்கியது. அப்படித் தடை வந்தால் டிஃபெண்டரில் விலக்கு கொடுக்கக் கூடாது. புதிய பதிப்புக்கு மாறுவதே முறை.

இன்றைய இன்டெல் செயலிகள் பலவும் 100 டிகிரி செல்சியஸை ஒட்டி வெப்பம் ஏறும்போது தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். பில் போடும் அளவு வேலைக்கே வெப்பம் 90-ஐத் தொட்டால் தூசியைத் துடைத்து, வெப்பப் பசையை மாற்றும் நேரம் வந்துவிட்டது. மின்னழுத்தக் கணிப்பு அவ்வளவு நம்பகமானதன்று. 12 வோல்ட் தடம் 11.4-க்கும் 12.6-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது விதி; மென்பொருள் அதற்கு வெளியே காட்டினால் மல்டிமீட்டரால் அளந்து பார்க்காமல் மின்வழங்கியைக் குறை சொல்லக் கூடாது.

கணினிகள் கூடும்போது வலையமைப்புக் கண்காணிப்பு தேவைப்படும். ஜெர்மனியின் பிஆர்டிஜி 100 உணரிகள் வரை இலவசம்; ஒரு கருவிக்குப் பத்து உணரி என்று வைத்தால் பத்துக் கருவிகளுக்கு ஈடுகொடுக்கும். லாட்வியாவின் ஜாபிக்ஸ் முழுவதும் இலவசம், ஆற்றலும் மிகுதி. எனினும் அதன் வழங்கி லினக்ஸில் ஓடுவதால், தெரிந்தவர் பக்கத்தில் இல்லாத கடைக்கு அது சுமை. சென்னையில் வளர்ந்த சோஹோவின் மேனேஜ்எஞ்சின் பிரிவு தரும் ஆப்மேனேஜர் 3 கருவிகள் வரை இலவசம். டெல், எச்பி வழங்கிகளின் வெப்பத்தையும் மின்விசிறியையும் அது நன்றாகப் படிக்கும். உதிரிகளை வாங்கிக் கோத்த மேசைக் கணினியில் அதே விவரங்களை எதிர்பார்க்க முடியாது. வழங்கி உள்ள தோட்ட அலுவலகத்துக்கு அது பொருந்தும், ஒற்றைக் கல்லாவுக்கு அதிகம். கேமராப் பதிவுப் பெட்டிக்குத் தனி மென்பொருள் வேண்டியதில்லை. பலவற்றின் அமைப்புப் பட்டியலிலேயே வட்டின் ஸ்மார்ட் நிலை இருக்கிறது.

மின்னலை எந்த மென்பொருளும் தடுக்காது. மின்னெழுச்சிக் காப்பு இணைப்பான் ஒன்றும், யுஎஸ்பி வழியே கணினியோடு பேசும் யுபிஎஸ் ஒன்றும் இருந்தால், மின்சாரம் போனதும் கணினி தானே ஒழுங்காக அணைந்துவிடும்.

ஸ்மார்ட் எச்சரிக்கைக்கும் எல்லை உண்டு. கூகுள் ஆய்வாளர்கள் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட வட்டுகளை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, பழுதானவற்றில் 56 விழுக்காட்டுக்கு மேல் முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றையும் காட்டவில்லை. ஆகவே, நாள்தோறும் எடுக்கும் நகலுக்குத் துணையாகவே கண்காணிப்பைக் கொள்ள வேண்டும்.

ஒன்றிரண்டு கணினிகள் உள்ள தொழிலுக்கு, மின்னஞ்சல் இயக்கப்பட்ட கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, ஒரு யுபிஎஸ், கடைக்கு வெளியே வைக்கும் ஒரு நகல்வட்டு ஆகிய மூன்றும் போதும். ஐந்தாறு கணினிகளோடு வழங்கியும் இருந்தால் பிஆர்டிஜியை முதலில் முயலலாம்.